‘ஜாயின் பண்ணிட்டு வாங்க மேடம்!’

வீட்டுக் கடன் கேட்டு வரும் மாதச் சம்பளக்காரரிடம் வங்கி முதலில் கேட்பது கடைசி மூன்று மாத பே ஸ்லிப், ஆறு மாத ஸ்டேட்மென்ட், இரண்டு வருட ஃபார்ம் 16. அந்த மூன்று மாதமும் அவர் பிள்ளை பெற்று விடுப்பில் இருந்த மாதங்களாக இருந்துவிட்டால், காகிதங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு அதிகாரி சொல்வது பெரும்பாலும் ஒரே பதில்தான்: ‘‘ஜாயின் பண்ணிட்டு வாங்க மேடம், பார்க்கலாம்.’’

மரியாதையாகச் சொல்லப்படும் பதில். முடியாது என்று யாரும் சொல்லவில்லை. விண்ணப்பத்தை வாங்கவே இல்லை என்பதால் நிராகரித்ததாகவும் கணக்கில் வராது. எந்தப் பதிவேட்டிலும் ஏறாமல் ஒரு குடும்பத்தின் வீடு ஆறு மாதம் தள்ளிப்போகிறது. பல நேரம் கைவிட்டே போய்விடுகிறது. பேறுகால விடுப்பில் இருப்பவருக்குக் கடன் தரக்கூடாது என்று ரிசர்வ் வங்கி எங்கும் விதி போடவில்லை. அப்படியிருக்க இந்தப் பதில் எங்கிருந்து வருகிறது, அதை எப்படி எதிர்கொள்வது என்று பார்ப்பது அவசியம்.

புதுச்சேரியிலிருந்து கடலூர் சாலையில் முருங்கப்பாக்கம் தாண்டி ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் அரியாங்குப்பம். ரோமாபுரியோடு வணிகம் செய்த அரிக்கமேடு இந்த ஊரின் ஓரத்தில்தான் இருக்கிறது. 1945இல் மார்ட்டிமர் வீலர் தோண்டிப் பார்த்த மேடு அது. இன்றைக்கு இந்த ஊரின் காலை நேரத்தைப் பார்க்க வேண்டுமானால் பஸ் நிறுத்தத்துக்குப் போக வேண்டும். தெற்கே பிள்ளையார்குப்பத்திலும் கிருமாம்பாக்கத்திலும் மருத்துவக் கல்லூரிகள், தொழிற்பேட்டை. வடக்கே நகரத்தின் கடைகள், பள்ளிகள், அலுவலகங்கள். கழுத்தில் அடையாள அட்டை தொங்க இரண்டு பக்கமும் பஸ் ஏறுகிறவர்களில் செவிலியர், லேப் டெக்னீஷியன், ஆசிரியை, கணக்கர் எனப் பெண்கள் நிறையப் பேர். நகரத்துக்குள் மனை வாங்கக் கட்டுப்படியாகாத இளம் குடும்பங்கள் இந்தப் பக்கம்தான் இரண்டு குழி மனை தேடுகின்றன.

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை. புதுச்சேரிக் கணக்கில் ஒரு குழி 576 சதுர அடி. பத்திரத்திலோ அது பிரெஞ்சுக்காரர் விட்டுப்போன ஆர், சென்டியார் அளவில் இருக்கும். இரண்டு குழி மனை என்றால் 1 ஆர் 7 சென்டியார். மறுநில அளவை எண்ணோடு கதாஸ்தர் எண்ணும் சேர்ந்து வரும். வங்கியின் வக்கீல் இதையெல்லாம் பார்த்து லீகல் ஒப்பீனியன் தரவே சில வாரம் ஆகும். வேலைக்குப் போய்க்கொண்டே வில்லங்கச் சான்றுக்கும் பட்டா நகலுக்கும் அலைய முடியாது என்பது மனை வாங்கிய எல்லோருக்கும் தெரியும்.

அதற்கு நேரம் கிடைப்பது விடுப்பில்தான். அதனால்தான் பேறுகாலமும் வீட்டுக் கடனும் ஒன்றாக வருகின்றன. குழந்தை வரப்போகிறது என்றதும் வாடகை வீட்டின் ஒற்றை அறை போதாது என்று படுகிறது. பாட்டியோ அத்தையோ வந்து தங்கிப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள இன்னோர் அறை வேண்டும். வளைகாப்புக்கும் பிரசவத்துக்கும் உறவுக்காரர்கள் கூடும்போது ‘‘அந்த மனை இன்னும் இருக்காம்’’ என்ற பேச்சும் வருகிறது. வீடு வாங்க ஒரு குடும்பம் முனைகிற நேரமே இதுதான். வங்கி கதவைச் சாத்துவதும் இதே நேரத்தில்தான்.

ஓர் உதாரணக் குடும்பத்தை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். மனைவி தனியார் மருத்துவமனையில் செவிலியர், மாதம் 20,000 ரூபாய். கணவருக்கு ஒரு கம்பெனியில் 28,000. இருவருக்கும் வேறு கடன் இல்லை. கைக்கு வரும் வருமானத்தில் பாதி வரைக்கும் இ.எம்.ஐ.க்குப் போகலாம் என்று வங்கி ஒத்துக்கொள்கிறது என்போம். வட்டி எட்டரை சதவீதம், தவணைக்காலம் 20 வருடம். இந்தக் கணக்கில் லட்சத்துக்கு 868 ரூபாய் இ.எம்.ஐ. வரும். இரண்டு சம்பளத்தையும் சேர்த்தால் 24,000 ரூபாய் வரை தவணை கட்டலாம். சுமார் 27.6 லட்சம் கடன் கிடைக்கும். மனைவியின் சம்பளத்தை ‘இல்லை’ என்று எழுதிவிட்டால் தவணை 14,000, கடன் 16.1 லட்சம். பதினொன்றரை லட்சம் ரூபாய் குறைகிறது. வீட்டுக்கும் வெறும் மனைக்கும் உள்ள தூரம் அது.

அந்தச் செவிலியரின் சம்பளம் உண்மையில் நின்றுவிட்டதா?

மாதம் 21,000 ரூபாய் வரை வாங்குகிறவர் தொழிலாளர் அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ.க்குள் வருவார். இ.எஸ்.ஐ.யில் பேறுகாலப் பலன் 26 வாரம், அதாவது 182 நாள். முந்தைய இரண்டு சந்தா காலத்தில் 70 நாளுக்குச் சந்தா போயிருந்தால் சராசரி தினக் கூலியின் முழுத்தொகையும் உண்டு. நம் உதாரணத்துப் பெண்ணுக்கு அரை வருடத்தில் 1.2 லட்சம் ரூபாய் அளவுக்கு வரும். அவருடைய சம்பளத்துக்கு ஈடான தொகை. ஆனால் அதைக் கொடுப்பது மருத்துவமனை இல்லை, இ.எஸ்.ஐ. நிறுவனம். பணம் நேராக அவர் கணக்குக்கு வரும். மருத்துவமனையின் கணினியோ மாதாமாதம் பே ஸ்லிப் ஒன்றை அச்சடித்துக்கொண்டே இருக்கும். வேலை செய்த நாள்: 0. அடிப்படைச் சம்பளம்: 0.00. பி.எஃப். பிடித்தம்: 0.00. நிகரம்: 0.00. கடன் மேசையில் இருப்பவர் கையில் எடுப்பது இந்தச் சீட்டைத்தான். ஸ்டேட்மென்ட்டில் ‘சாலரி’ என்ற வார்த்தையைத் தேடுகிறார், அது இல்லை. நாலு வரிக்குக் கீழே இ.எஸ்.ஐ. பெயரில் வந்திருக்கும் தொகையை அவர் சம்பளமாக எடுத்துக்கொள்வதில்லை.

இ.எஸ்.ஐ.க்கு மேல் சம்பளம் வாங்குகிறவர்களின் கதை வேறு. அவர்களுக்குப் பணம் தர வேண்டியது நிறுவனம். 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டத்தில் வந்த திருத்தம் 2017 ஏப்ரல் 1 முதல் 12 வார விடுப்பை 26 வாரமாக்கியது. இரண்டு குழந்தைகள் ஏற்கெனவே இருப்பவருக்கு மட்டும் 12 வாரம். பிரசவத்துக்கு முந்தைய காலத்துக்கான பணத்தை, கர்ப்பத்துக்கான சான்றைக் காட்டியதும் முன்கூட்டியே தர வேண்டும் என்கிறது சட்டம். மிச்சத் தொகையைக் குழந்தை பிறந்ததற்கான சான்று கொடுத்த 48 மணி நேரத்துக்குள் தர வேண்டும். சட்டப்படி நடக்கும் நல்ல நிறுவனம் அப்படியே கொடுத்துவிட்டால் ஸ்டேட்மென்ட் எப்படி இருக்கும்? ஒரு மாதம் பெரிய தொகை ஒன்று, பிறகு நாலு மாதம் காலி. கடன் மேசைக்கு இது ஒழுங்கற்ற வருமானமாகத் தெரிகிறது. சட்டத்தை மீறி மாதாமாதம் பிரித்துக் கொடுக்கும் நிறுவனத்தில் வேலை பார்ப்பவருக்குக் கடன் எளிதாகக் கிடைத்துவிடும். இது எனக்கு ஏற்கவே முடியாத அநியாயமாகப் படுகிறது.

அரசு ஊழியர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. விடுப்புச் சம்பளமும் மாதச் சம்பளம் போலவே வந்துவிடும். புதுச்சேரி அரசுப் பணியில் இருப்பவர்களுக்கு மத்திய அரசின் விடுப்பு விதிகள், அதன்படி 180 நாள். அதே கடலூர் சாலையில் முள்ளோடையைத் தாண்டிவிட்டால் தமிழ்நாடு. அங்கே அரசுப் பள்ளி ஆசிரியைக்கு 2021 ஜூலை 1 முதல் ஒரு வருடம். ஆனால் புதுச்சேரிக்காரருக்குப் பிள்ளை வளர்ப்பு விடுப்பு 730 நாள் தனியாக இருக்கிறது. முதல் 365 நாளுக்கு முழுச் சம்பளம், அடுத்த 365 நாளுக்கு 80 சதவீதம். அந்த இரண்டாவது வருடத்தில் கடன் கேட்கப் போகிறவர், குறைந்த சம்பளம்தான் ஸ்லிப்பில் தெரியும் என்பதை முன்கூட்டியே மனதில் வைக்க வேண்டும்.

காகிதம் சரியாக இருந்தாலும் வெரிஃபிகேஷன் இருக்கிறது. வங்கி அனுப்பும் ஆள் வீட்டுக்கும் வேலை செய்யும் இடத்துக்கும் வந்து விசாரித்து அறிக்கை தருவார். தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீட்டுக்குப் போயிருப்பாள். ஆள் வரும் நேரத்தில் அரியாங்குப்பத்து வாடகை வீடு பூட்டியிருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் ‘‘அவங்க அம்மா வீட்டுக்குப் போயிட்டாங்க, எப்ப வருவாங்கன்னு தெரியலை’’ என்பார். அதில் தவறு எதுவும் இல்லை. பிறகு மருத்துவமனை வரவேற்பில் கேட்டால் ‘‘அவங்க இப்ப வரதில்லையே’’ என்று புதிதாகச் சேர்ந்த பெண் சொல்வாள். வீட்டில் இல்லை, வேலையிலும் இல்லை என்று இரண்டு வரி அறிக்கையில் ஏறிவிடும். ஊரறிந்த ஒரு வழக்கம் வங்கிக் கோப்புக்குள் போனதும் சந்தேகமாக மாறிவிடுகிறது.

வங்கி அதிகாரியின் பக்கத்திலும் நின்று பார்க்கத்தான் வேண்டும். பிள்ளை பெற்ற பிறகு வேலைக்குத் திரும்பாத பெண்கள் இருக்கிறார்கள். பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, நைட் ஷிஃப்ட் ஒத்துவரவில்லை, குழந்தைக்கு அடிக்கடி காய்ச்சல் என்று காரணங்கள் நிஜமானவை. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 2017 சட்டத் திருத்தம் சொன்னது. அது எல்லா இடத்திலும் ஒழுங்காக இருந்தால் திரும்பாதவர் எண்ணிக்கையும் குறையும். ஆக, அதிகாரியின் பயத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் கடன் வாங்கிய மறுமாதமே வேலையை விடும் ஆணும் இருக்கிறான். அவன் விடக்கூடும் என்று எண்ணி யாரும் அவன் சம்பளத்தைப் பூஜ்யமாக எழுதுவதில்லை. ‘வேலை இருக்கிறதா, சம்பளம் வருகிறதா’ என்பதுதான் அவனிடம் கேட்கும் கேள்வி. பெண்ணிடமும் அதைத்தான் கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது. பேறுகால விடுப்பில் இருப்பவரை அதைக் காரணம் காட்டி வேலையை விட்டு நீக்கக்கூடாது, அவருடைய பணி நிபந்தனைகளை அவருக்குப் பாதகமாக மாற்றவும் கூடாது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் பழைய மகப்பேறு சட்டம் போய்விட்டது. 26 வாரமும் இந்தப் பாதுகாப்பும் அப்படியே தொடர்கின்றன. விடுப்பில் இருப்பவருடைய வேலைக்கு அந்த ஆறு மாதம் நாட்டின் சட்டமே காவல். மற்ற ஊழியர் பலருக்கு இவ்வளவு உறுதி கிடையாது.

நிதி நிறுவனங்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இடையிலான வழக்கு இந்த நாட்டில் பழையது. எல்.ஐ.சி.யில் பயிற்சிக் காலத்தில் இருந்த ஒரு பெண் பேறுகால விடுப்பு எடுத்துத் திரும்பியபோது, மாதவிடாய், கர்ப்பம் பற்றிய விவரங்களை வேலைக்குச் சேரும்போது தவறாக எழுதினார் என்று சொல்லி நீக்கினார்கள். 1991இல் உச்ச நீதிமன்றம் அவரைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. பெண்களின் தன்மானத்தைப் புண்படுத்தும் அந்தக் கேள்விகளைப் படிவத்திலிருந்து எடுக்கவும் உத்தரவிட்டது.

முப்பது வருடம் கழித்து, 2021 டிசம்பர் 31 தேதியிட்ட சுற்றறிக்கையில் பாரத ஸ்டேட் வங்கி, மூன்று மாதத்துக்கு மேல் கர்ப்பமாக இருக்கும் பெண்கள் வேலைக்குச் சேரத் ‘தற்காலிகமாகத் தகுதியற்றவர்கள்’ என்றது. பிரசவம் ஆகி நாலு மாதத்துக்குள் வந்து சேரலாம் என்று சேர்த்துக்கொண்டது. முன்பு ஆறு மாதக் கர்ப்பிணி வரை சேர முடிந்தது. செய்தி வெளியே வந்ததும் மாதர் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் கொதித்தெழுந்தன. டெல்லி மகளிர் ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. 2022 ஜனவரி 29 அன்று வங்கி அந்த விதியை நிறுத்திவைத்துப் பழைய முறைக்கே திரும்பியது. அதே வருடம் ஜூனில், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் வங்கிக்கும் இதுபோன்ற விதிக்காக அதே ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது.

இவை வேலைக்கு எடுப்பது பற்றிய விவகாரங்கள், கடன் பற்றியவை இல்லை. ஆனாலும் இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். பிள்ளை பெறும் காலத்தில் ஒரு பெண்ணை ‘தற்காலிகமாக இல்லாதவள்’ என்று நினைக்கிற பழக்கம் அது. சுற்றறிக்கையாக எழுத்தில் வந்தபோது ஒரு மாதத்தில் ஒழித்துவிட முடிந்தது. ‘ஜாயின் பண்ணிட்டு வாங்க’ என்று வாய்மொழியாக இருப்பதால்தான் இது இன்னும் பிழைத்துக் கிடக்கிறது.

கடன் விஷயத்திலேயே இது எழுத்தில் பிடிபட்ட இடம் அமெரிக்கா. அங்கே வீட்டுக் கடனுக்கு இன்ஷூரன்ஸ் தரும் எம்.ஜி.ஐ.சி. நிறுவனம், சம்பளத்தோடு பேறுகால விடுப்பில் இருந்த பென்சில்வேனியாப் பெண் ஒருவரை ‘வேலைக்குத் திரும்பிய பிறகு வா’ என்றது. வாசகம்கூட நம் ஊர் வாசகம்தான். 2011இல் அமெரிக்க நீதித் துறை அந்த நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டது. வீட்டு வசதியில் குடும்ப நிலையைக் காரணம் காட்டிப் பாகுபாடு செய்யக்கூடாது என்ற அங்குள்ள சட்டம்தான் அடிப்படை. 2012இல் எம்.ஜி.ஐ.சி. 70 பேருக்கு ஐந்து லட்சம் டாலருக்கு மேல் இழப்பீடு தர ஒத்துக்கொண்டது. 2014 அக்டோபரில் வெல்ஸ் ஃபார்கோ வங்கி இதே வகைப் புகார்களுக்காக 50 லட்சம் டாலர் தந்து சமரசம் செய்துகொண்டது. கர்ப்பிணிகளுக்கும் விடுப்பில் இருக்கும் தாய்மார்களுக்கும் கடனை மறுத்தார்கள், வேலைக்குத் திரும்பும்வரை காக்கவைத்தார்கள் என்பதுதான் அந்தப் புகார்கள்.

நம் நாட்டில் அப்படி ஒரு வழக்கு போட முடியுமா என்பது பிறகு. கையில் இருக்கும் கருவிகளையே நாம் எடுத்துப் பயன்படுத்தவில்லை. கடன் தருவோருக்கான நியாய நடைமுறை நெறிகளை ரிசர்வ் வங்கி 2003இல் வகுத்தது. கடன் தருவதில் பாலினம், சாதி, மதம் பார்த்துப் பாகுபாடு கூடாது என்கிறது அது. விண்ணப்பம் பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை தர வேண்டும் என்கிறது. முதலில் இரண்டு லட்சம் வரையிலான சிறு கடனுக்கு மட்டும் இருந்த ஒரு விதியை 2007இல் எல்லாக் கடனுக்கும் நீட்டித்தார்கள். கடனை மறுத்தால் அதற்கான முக்கியக் காரணத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது அந்த விதி.

எனவே கவுண்டரில் ‘ஜாயின் பண்ணிட்டு வாங்க’ என்று கேட்டதும் எழுந்து வந்துவிட வேண்டாம். ‘‘சரி சார், அப்ளிகேஷனை வாங்கிக்குங்க, ஒப்புகை குடுங்க. முடியாதுன்னா காரணத்தை எழுத்துல குடுங்க’’ என்று தணிவாகச் சொன்னால் போதும். ‘பேறுகால விடுப்பில் இருப்பதால்’ என்று கையெழுத்துப் போட்டு எழுதித் தர எந்த மேலாளரும் யோசிப்பார். யோசிக்க ஆரம்பித்தாலே பாதி வேலை முடிந்தது. கிளையில் தீர்வு இல்லாவிட்டால் வங்கியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை. விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. கடன் கொடுத்தே ஆக வேண்டும் என்று குறைதீர்ப்பாளர் வங்கிக்கு உத்தரவு போடமாட்டார், அது வங்கியின் வணிக முடிவு. ஆனால் ஒப்புகை தராததையும் காரணம் சொல்லாததையும் சேவைக் குறைபாடாக எடுத்துச் சொல்ல முடியும்.

சண்டைக்குப் போகாமலே முடிக்கவும் வழி உண்டு. வேலை செய்யும் இடத்தின் லெட்டர்ஹெட்டில் ஒரு பக்கக் கடிதம் வாங்கிவிட்டால் மேசையில் நடக்கும் பேச்சே மாறிவிடும். பணியில் சேர்ந்த தேதி, நிரந்தரப் பணி என்ற விவரம், விடுப்பு தொடங்கும் நாள், முடியும் நாள், விடுப்புக் காலச் சம்பளத்தைத் தருவது யார், திரும்பிச் சேரும்போது அதே பதவி, அதே சம்பளம் என்ற உறுதி. இவ்வளவும் அதில் இருக்க வேண்டும். எச்.ஆர். பிரிவில் இதைக் கேட்டு வாங்க நல்ல நேரம் விடுப்புக்குப் போவதற்கு முந்தின வாரம். கைக்குழந்தையோடு வந்து நின்றால் ‘அடுத்த வாரம் வாங்க’ என்பார்கள். கூடவே விடுப்புக்கு முந்தைய ஆறு மாத பே ஸ்லிப்பும் இ.எஸ்.ஐ. தொகை வந்த வரிகளை மஞ்சள் பேனாவால் கோடிட்ட ஸ்டேட்மென்ட்டும் போகட்டும். தாய்வீட்டு முகவரியை விண்ணப்பத்திலேயே ‘தற்போதைய இருப்பிடம்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டால் பூட்டிய வீட்டுப் பிரச்சினையும் எழாது.

முடிந்தால் ஏழாம் மாதத்துக்குள் விண்ணப்பம் போட்டுக் கையெழுத்துகளை முடித்துவிடுவது நல்லது. சம்பளச் சீட்டு சுத்தமாக இருக்கும். பிரசவம் ஆன முதல் மாதத்தில் வங்கிக்கும் சார்பதிவாளர் அலுவலகத்துக்கும் பச்சைக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியும் இருக்காது. ஆனால் மனைக்காரர் நம் நாள் பார்த்து விற்க வரமாட்டார். அக்ரிமென்ட் போட்டு அட்வான்ஸ் கொடுத்த பிறகு மூன்று மாதத்தில் கிரயம் முடிக்க வேண்டியிருக்கும்போது, ‘ஆறு மாதம் கழித்து வாருங்கள்’ என்பது அட்வான்ஸை இழந்துவிட்டு வாருங்கள் என்பதற்குச் சமம். பல வீடுகளில் அந்த அட்வான்ஸ் அந்தப் பெண்ணின் வளையலை அடகு வைத்து வந்த பணம்.

இதில் என்னை அதிகம் உறுத்துவது இன்னொன்று. மனைவியின் சம்பளத்தைச் சேர்க்க முடியாது என்று வங்கி சொன்னதும், ‘அப்புறம் எதுக்கு ரெண்டு பேர் பேரு, என் பேர்லயே போட்டுக்கலாம்’ என்று குடும்பத்தில் முடிவாகிவிடுகிறது. சம்பளத்தைக் கணக்கில் எடுக்காமல் விட்ட ஒரு காகித முடிவு, பத்திரத்திலிருந்தே அவள் பெயரை எடுத்துவிடுகிறது. நகை அவளுடையது, அடுத்த இருபது வருட இ.எம்.ஐ.யில் அவள் சம்பளமும் உண்டு, பெயர் மட்டும் இல்லை. வருமானம் சேராவிட்டாலும் இணை உரிமையாளராகவும் இணை விண்ணப்பதாரராகவும் அவர் இருக்கலாம். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தின் நகர்ப்புற இரண்டாம் கட்டமும் வீட்டில் பெண்ணுக்கு உரிமை இருக்க வேண்டும் என்றே கேட்கிறது. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 9 லட்சத்துக்குள், வீட்டு மதிப்பு 35 லட்சத்துக்குள், கடன் 25 லட்சத்துக்குள் இருந்தால் முதல் 8 லட்சத்துக்கு 4 சதவீத வட்டி மானியம் கிடைக்கும். ஐந்து தவணையில் அதிகபட்சம் 1.80 லட்சம். நாட்டில் வேறெங்கும் குடும்பத்துக்குச் சொந்த வீடு இருக்கக்கூடாது என்பதும் நிபந்தனை.

பெண் பெயரில் கடன் வாங்கினால் 0.05 சதவீத வட்டிச் சலுகை தருவதாகச் சில வங்கிகள் விளம்பரம் செய்கின்றன. 25 லட்சம் ரூபாய்க் கடனுக்கு அது மாதம் 80 ரூபாய் அளவு. வேண்டாம் என்று சொல்லவில்லை. பிள்ளை பெற்ற ஆறு மாதத்துக்கும் அவள் சம்பளத்தைச் சம்பளமாக எழுதினால் பதினொன்றரை லட்சம் கூடுதலாகக் கிடைக்கும் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

கட்டாத வீட்டுக்குக் கடன் கேட்டால் வங்கிக்கும் பயமில்லாத ஒரு வழி இருக்கிறது. வீடு கட்டும் கடனை வங்கி மொத்தமாகத் தருவதில்லை. அஸ்திவாரம், லிண்டல், கான்கிரீட், பூச்சு என்று கட்டம் கட்டமாகத்தான் விடுவிக்கிறது. இரண்டு சம்பளத்தையும் எடுத்துக்கொண்டு முழுத் தொகைக்கு அனுமதி கொடுத்துவிட்டு, கடைசிக் கட்டத் தொகையை மட்டும் மனைவி வேலைக்குத் திரும்பிய முதல் பே ஸ்லிப்பைப் பார்த்து விடுவிக்கலாம். கான்கிரீட் போட்டுப் பூச்சு முடிவதற்குள் எப்படியும் அவர் விடுப்பு முடிந்துவிடும்.

இந்த ஏற்பாடுகள் எதுவும் கைகொடுக்காத பெண்களும் இருக்கிறார்கள். தனியார் பள்ளியில் ‘இப்ப ரிலீவ் ஆயிடுங்க டீச்சர், அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்’ என்று சொல்லி எழுதி வாங்கிக்கொள்ளும் வழக்கத்தில் சிக்கியவர்களுக்குக் காட்டுவதற்கு விடுப்பே இல்லை. மறுபடி சேர்ந்தாலும் புதிய வேலையாகத்தான் கணக்கு, வங்கி இன்னும் ஒரு வருடம் பொறு என்கிறது. கேரளம் 2020இல் தனியார் கல்வி நிறுவன ஊழியர்களையும் மகப்பேறு நலச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. ஒப்பந்தப் பணியாளர்களுக்குக் கொஞ்சம் ஆறுதல் உண்டு. ஒப்பந்தம் முடிந்த பிறகும் பேறுகாலப் பலன் தொடர வேண்டும் என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ஒரு டாக்டரின் வழக்கில் தீர்ப்பளித்தது. ஆனால் பலன் தொடரும் என்பது வேலை தொடரும் என்பதாகாது. அவர்களிடம் வங்கி தயங்கினால் அதில் நியாயம் இருக்கிறது. அந்தத் தயக்கத்தைப் போக்க வேண்டியது வேலை கொடுப்பவரும் அரசும்தான்.

நிரந்தரப் பணியில், சம்பளத்தோடு விடுப்பில் இருப்பவர்கள் விஷயத்தில் அந்தத் தயக்கத்துக்கு இடமே இல்லை. புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் வங்கிகள் எல்லாம் கூடிப் பேசும் மாநில அளவிலான வங்கியாளர் குழு இருக்கிறது. அதைக் கூட்டி நடத்துவது இந்தியன் வங்கி. பேறுகால விடுப்புக் காலத்து இ.எஸ்.ஐ. தொகையையும், நிறுவனம் ஒரே தவணையில் தரும் தொகையையும் சம்பளமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும், விடுப்புக்கு முந்தைய சம்பளச் சீட்டை வைத்துத் தகுதி பார்க்க வேண்டும் என்று அந்தக் குழு எல்லாக் கிளைகளுக்கும் ஒரு பக்கம் எழுதி அனுப்பலாம். அதற்குப் புதிய சட்டம் வேண்டியதில்லை. பட்ஜெட்டில் பணம் ஒதுக்க வேண்டியதும் இல்லை. அரியாங்குப்பம் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினரும் புதுச்சேரி மகளிர் ஆணையமும் செவிலியர் சங்கங்களும் அடுத்த கூட்டத்துக்கு முன் இதைக் கோரிக்கையாக எழுதிக் கொடுக்க வேண்டும்.